கிழமைக்கு நாலு தேங்காய்

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் காளியாயியின் காம்பிராவைப் பார்த்தவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். வரிசை வீடான அந்த லயத்தில் இருந்த பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பிராக்களும் ஒரே அளவுதான். ஒரே தகரக் கூரை, ஒரே புகை. ஆனால் அவள் வீட்டுத் தரை எப்போதும் சாணம் மெழுகி உலர்ந்திருக்கும். சுவரோரம் கவிழ்த்த பித்தளைச் செம்பு பளபளக்கும். காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன்பே எழுந்து வாசலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, அடுப்பை ஏற்றிவிடுவாள். துறையூர்ப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு ஆறு வயதில் அம்மாவின் இடுப்பிலும் அப்பாவின் தோளிலுமாக மாறி மாறி ஏறி வந்தவள். வந்த இடத்தில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து வயிற்றுப்போக்கில் போய்ச் சேர்ந்தார்கள். யார் வீட்டிலோ தின்று, யார் வீட்டிலோ தூங்கி வளர்ந்ததாலோ என்னவோ, பிறர் முன்னால் குறைந்துபோய் நிற்பது அவளுக்குச் சாவுக்குச் சமம்.

புருஷன் பழனியாண்டி கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியை வெட்டும் கத்தியைப் பிடித்துப் பிடித்து அவன் வலது உள்ளங்கை பலகையாகிவிட்டிருந்தது. மூன்று பிள்ளைகளில் மீனம்மா ஒருத்திதான் மிஞ்சியிருந்தாள். சம்பாதிக்க இரண்டு பேர், தின்ன மூன்று வாய். லயத்துக் கணக்குப்படி அது வசதியான குடும்பம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் மாசி மாதம் கண்டாக்கையா அவளைப் பெரட்டில் தனியாகக் கூப்பிட்டதும் அதனால்தான். துரைக்கு அடுத்தபடி தோட்டத்தில் அவர் சொல்வதுதான் சட்டம்.

"காளியாயி, கொழும்புலேருந்து ஆளு வர்றாங்க. தோட்டத்து சனம் என்னா திங்குது, எவ்வளவு செலவழிக்குதுன்னு எழுதப் போறாங்க. ஓன் வீட்டத்தான் காட்டப் போறேன்."

"எங்க வீட்டையா? எதுக்குங்கய்யா?"

"ஓன் வீடுதான் பாக்கற மாதிரி இருக்கு. கேக்கறதுக்கு ஒழுங்காப் பதில் சொல்லு. தோட்டத்து மானம் போற மாதிரி பேசிப்புடாத."

தோட்டத்து மானத்தைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. தன் மானம்தான் அவளுக்கு அன்றிரவு முழுக்க நெஞ்சில் கிடந்தது. மறுநாள் பக்கத்துக் காம்பிரா வீரம்மாவிடம் அரை மூடித் தேங்காய் கைமாற்றாக வாங்கினாள். கடைக்குப் போய்க் கருவாடு வாங்கினாள். இருந்த பருப்பையெல்லாம் கொட்டிக் களைந்தாள்.

கொழும்புக்காக எழுத வந்தவர் சுந்தரலிங்கம் என்ற கிளாக்கர். நுவரெலியா அரசாங்க ஆபீஸான கந்தோரில் வேலை, ஊர் யாழ்ப்பாணம். முப்பது வயதிருக்கும். குடையும் தராசும் ஒரு தடித்த கொப்பியுமாக வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தன் வீட்டுக்குள் வர ஒரு கந்தோர்க்காரர் செருப்பைக் கழற்றியதைக் காளியாயி அதுவரை கண்டதில்லை. அதிலேயே அவள் நாக்கு கட்டுப்பட்டுப் போயிற்று. இப்படிப்பட்டவர் முன்னால் எப்படி இல்லை என்று சொல்வது?

"கிழமைக்கு எத்தனை தேங்காய் வாங்கிறனீங்கள்?"

"நாலுங்கய்யா."

வாரத்துக்கு வாங்குவது ஒன்று. சம்பளத்துக்கு முந்திய கிழமையில் அதுவும் இல்லை.

"கருவாடு?"

"அது ரெண்டு நாளைக்கு ஒருக்கா இருக்குங்க."

"பால்?"

"புள்ளைக்கு வாங்குறோங்க. தெனம் அரைப் போத்தல்."

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து மீனம்மா ஓடி வந்தாள். ஒன்பது வயது. வாசற்படியிலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, கருவாட்டுக் கொழம்பா? இன்னைக்கு என்னா விசேசம்?"

காளியாயி மகளை ஒரு பார்வை பார்த்தாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டது. கிளாக்கரின் பென்சில் கொப்பியின்மேல் நின்றது. அவர் அடுப்புப் பக்கம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, மேற்கொண்டு எழுதினார்.

மூன்று நாள் வந்து சோற்றையும் பருப்பையும் நிறுத்துப் பார்த்தார். கடைசி நாள் குடையை விரித்துக்கொண்டே, "மெத்தப் பெரிய உபகாரம், அம்மா" என்றார். காளியாயிக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. லயத்தில் யார் யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள். கேட்கப்பட்டவள் பட்டினி கிடந்தாலும் "ஆச்சு" என்றுதான் சொல்வாள். அந்த வழக்கத்துக்கு மேல் தான் எதுவும் செய்துவிடவில்லை என்றே அவள் நினைத்தாள்.

அடுத்த வருஷம் சம்பளத்தைக் குறைத்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலைப் பெரட்டில் கண்டாக்கையா கடுதாசியைப் பார்த்துப் படித்தார். சீமையில் தேயிலை விலை விழுந்துவிட்டது; ஆணுக்கு ஐந்து சதமும் பெண்ணுக்கு நாலு சதமும் குறைகிறது; ஆனால் தோட்டத்து அரிசியின் விலையையும் குறைத்துத் தருவார்கள்.

"அஞ்சு சதம் கொறைச்சா எப்படிங்கய்யா சாப்பிடறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எப்படிச் சாப்பிடறியோ அப்படித்தான். நீங்க என்னா திங்கிறீங்கன்னு வந்து பாத்துத்தானே எழுதிக்கிட்டுப் போனாங்க? தேங்கா, கருவாடு, பாலு எல்லாம் வாங்கி மிச்சமும் இருக்குதாம். கொழும்புல கூட்டிப் பாத்துட்டாங்க."

காளியாயி கூடையின் கயிற்றைத் தலையில் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். வீரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அரை மூடித் தேங்காய் கொடுத்தவளுக்கு எல்லாம் தெரியும்.

அதன்பிறகு சாமான்கள் ஒவ்வொன்றாக வீட்டை விட்டுப் போயின. முதலில் போனது துணி. அந்தத் தீபாவளிக்கு மீனம்மாவுக்குப் பாவாடை எடுக்கவில்லை. பிறகு எண்ணெய், பிறகு கருவாடு. தேங்காய் இரண்டு கிழமைக்கு ஒன்றாகி, பிறகு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் காற்காலாகத் துருவப்பட்டு, ஒருநாள் நின்றே போயிற்று. சம்பளம் குறையக் குறைய, இருப்பதில் அரிசிக்கென்று போகும் பங்குதான் பெருத்துக்கொண்டே வந்தது. முன்பு அரிசிக்குப் போக மிச்சத்தில் கோயில் வரி உண்டு, வெற்றிலை உண்டு, ஊர்க் கடுதாசிக்குத் தபால் செலவு உண்டு. இப்போது சம்பளம் என்றால் அரிசி, அவ்வளவுதான். அந்த அரிசியும் மாதக் கடைசியில் கஞ்சியாகும். மலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே முளைத்த கீரையை ஆய்ந்து மடியில் கட்டிக்கொண்டு வந்து, உப்புப் போட்டு அவித்தார்கள்.

அடுத்த வருஷம் வேலை நாளும் சுருங்கிற்று. தேயிலையைக் குறைவாகத்தான் அனுப்ப வேண்டுமென்று கட்டுப்பாடு வந்ததாகச் சொன்னார்கள். கிழமைக்கு நாலு நாள்தான் வேலைக்கணக்கில் பேர் விழுந்தது. ஆள் அதிகமென்று எட்டுக் குடும்பங்களைத் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்த எட்டில் வீரம்மாவின் குடும்பமும் ஒன்று. புறப்படும்போது காளியாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒன்னைக் கொறை சொல்லல புள்ள" என்றாள். குறை சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது காளியாயிக்கு.

அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. பழனியாண்டி கவ்வாத்து மலைக்குப் போகிறவன். அவனுக்குச் சோற்றில் குறைவைக்க முடியாது. மீனம்மா வளர்கிற பிள்ளை. அவர்கள் இருவரும் சாப்பிட்ட பிறகு பானையில் என்ன இருக்கிறதோ அதுதான் காளியாயிக்கு. பல நாள் வடிகஞ்சிதான் இருந்தது. ஐப்பசி அடைமழையில் பெண் குழந்தை பிறந்தது. முதல் இரண்டு நாள் அழுதது. பிறகு அழக்கூட அதற்குத் தெம்பு இல்லை. மார்பைப் பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்தாள் காளியாயி. மஞ்சளாக ஒரு சொட்டு வரும், அவ்வளவுதான்.

மருத்துவிச்சி அவள் மார்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கோபமாகவே சொன்னாள்.

"நீ தின்னாத்தானே ஊறும்? பசுப்பாலாவது வாங்கி ஊத்து."

"பாலுக்கு எங்கக்கா போவேன்?"

அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததும் அவள் திடுக்கிட்டுப் போனாள். தினம் அரைப் போத்தல் வாங்குகிறோம் என்று சொன்ன அதே வாய்.

பத்தொன்பதாம் நாள் குழந்தை போயிற்று. பேர் வைக்கவில்லை. பழனியாண்டி அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், ஆற்றோரத்தில் புதைத்துவிட்டு வந்து, கத்தியைத் தீட்ட உட்கார்ந்தான். அவன் அழவில்லை. கத்தி தீட்டி முடித்த பிறகும் தீட்டிக்கொண்டே இருந்தான்.

தை பிறந்து ஒரு திங்கட்கிழமை, காளியாயி பெரட்டுக்குப் போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. விடியுமுன் புறப்பட்டு, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்குப் பதினாலு மைல் நடந்தாள். தண்டவாளத்தின் ஓரமாக நடந்தபோது, கொழும்புக்குப் போகிற கோவாக் கோசும் லீக்ஸ் தண்டும் கூடை கூடையாக ரயிலில் ஏறிக்கொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து இவ்வளவு தீனியை ஒரே இடத்தில் அவள் பார்த்தது அன்றுதான். டவுனில் நாலு பேரிடம் வழி கேட்டுக் கந்தோரைக் கண்டுபிடித்தாள். பியூன் உள்ளே விடவில்லை. வெயில் சாயும்வரை வேலியோரம் நின்றாள். சுந்தரலிங்கம் குடையோடு வெளியே வந்தபோது முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவருக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. ஊசிமலை என்றதும் தெரிந்தது.

"ஐயா, நீங்க எழுதிக்கிட்டுப் போனதை மாத்தணுங்க. நான் பொய் சொன்னேன். நாலு தேங்கா இல்ல, ஒண்ணு. பாலு இல்ல. அன்னிக்கு வச்ச கருவாடு அன்னிக்கு மட்டுந்தான். என்னாலதான் எல்லாருக்கும் சம்பளம் கொறஞ்சு போச்சு."

அவர் குடையை மடக்கினார். தெருவோரத்து மதகில் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அவரும் நின்றுகொண்டே பேசினார்.

"எனக்கு அப்பவே தெரியும், அம்மா."

"என்னாங்கய்யா?"

"கிழமைக்கு நாலு தேங்காய் வாங்கிற வீட்டிலை அடுப்படியிலை சிரட்டை கிடக்க வேணும். உங்கடை அடுப்படியிலை ஒரு சிரட்டையும் இல்லை. பிள்ளை வேறை வந்து என்ன விசேசம் எண்டு கேட்டது. எனக்கு விளங்கினது. ஆனால் சொல்லுறதை எழுதத்தான் எனக்கு உத்தரவு."

காளியாயி அவரையே பார்த்தாள்.

"உங்களாலை ஒண்டும் நடக்கேல்லை. நான் நூற்றுக்கு மேலை வீடு போனனான். அநேகமாய் எல்லா வீட்டிலையும் இதைத்தான் சொன்னவை. ஒருத்தரும் பசி எண்டு சொல்லேல்லை. அப்பிடிச் சொன்ன வீடுகளைக் கண்டாக்குமார் எனக்குக் காட்டவுமில்லை. எல்லாத்தையும் கூட்டிப் பிரிச்சால் உங்கடை தாள் எங்கை எண்டே தெரியாது. நீங்கள் உண்மை சொல்லியிருந்தாலும் சம்பளத்தைக் குறைச்சிருப்பினம். தேயிலை விலை விழுந்தால் இந்த நாட்டிலை எல்லாம் விழும். எங்கடை துறைமுகத்துக்கு வாற சாமானிலை பாதிக்குக் கிட்டச் சாப்பாட்டுச் சாமான்தான். ரங்கூன் அரிசியைத் தேயிலை வித்த காசிலைதான் வாங்கிறம். காசு குறைய, ஆரோ ஒருத்தற்றை வயித்திலைதான் கை வைப்பினம்."

ரங்கூனும் துறைமுகமும் அவளுக்குப் புரியவில்லை. தன் தாள் எங்கே என்றே தெரியாது என்றது மட்டும் புரிந்தது. பாரம் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. தன்னால்தான் என்று நினைத்திருந்தவரைக்கும், தான் திருத்தினால் சரியாகிவிடும் என்ற ஒரு பிடிமானமாவது இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

"அப்படின்னா இப்ப எழுதுங்கய்யா. நான் சொல்றேன்."

"எழுதி அனுப்ப இடமில்லை, அம்மா."

"எழுதுங்க."

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மதகின்மேல் வைத்து எழுதினார். அவள் ஒரு நாள் சாப்பாட்டைச் சொன்னாள். காலையில் வெறும் தேத்தண்ணி. மத்தியானம் நேற்றைய சோறும் பச்சைமிளகாயும். ராத்திரி சோறு, கீரை, உப்பு. தனக்குக் கஞ்சி. பிறகு, கேட்காமலே, குழந்தை பத்தொன்பது நாள் இருந்ததையும் சொன்னாள். அவர் பென்சிலை நிறுத்தவில்லை, அதையும் எழுதினார். பெருவிரல் ரேகை வைக்க மை இல்லையென்றார். அவள் தாளின் ஓரத்தை ஒருமுறை தொட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். அந்தத் தாள் என்னவாயிற்று என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

சொல்லாமல் போனதற்குக் கண்டாக்கையா அவளுக்கு எட்டு நாள் வேலை கொடுக்கவில்லை. பழனியாண்டி அடிப்பான் என்று லயம் எதிர்பார்த்தது. அவன் அடிக்கவில்லை. "போயிட்டு வந்தியே, என்னா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டான்.

"நாம என்னா சொன்னாலும் ஒண்ணுதானாம்."

"அதுக்கு நுவரெலியாவரைக்கும் நடக்கணுமா?" என்று சொல்லிவிட்டு அவன் படுத்துக்கொண்டான்.

மறு வருஷம் அவள் மறுபடியும் உண்டானாள். இந்த முறை அவள் ஒன்று செய்தாள். கீழ்க்கணக்கு அதை வெகுகாலம் பேசிற்று. சோறு இறக்கியதும் முதல் தட்டைத் தனக்குப் போட்டுக்கொண்டாள். புருஷன் மலையிலிருந்து இறங்குவதற்கு முன்பே, வாசலில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து, வயிறு நிறையத் தின்றாள். காதில் கிடந்த தோட்டை விற்று மாதம் இரண்டு தேங்காயும் கொஞ்சம் நெத்திலியும் வாங்கினாள். அதிலும் முதல் பங்கு அவளுக்குத்தான்.

"புருசன் வர்றதுக்குள்ள திங்கிறாளே, இவ பொம்பளையா?" என்று அழகம்மா என்ற பக்கத்து வீட்டுக்காரி காதுபடவே சொன்னாள்.

"நீ வேணா காத்துக் கிட" என்றாள் காளியாயி. தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பழனியாண்டி முதல் நாள் முகம் சுளித்தான். ஆற்றோரத்தில் புதைத்த குழந்தையை நினைத்தானோ என்னவோ, பிறகு தடுக்கவில்லை. அவன் பங்கில் அவள் கை வைக்கவும் இல்லை. கவ்வாத்துக்குப் போகிறவனுக்குக் குறைத்தால் அவன் விழுவான். அவன் விழுந்தால் எல்லாரும் விழுவார்கள். முப்பத்தைந்தாம் வருஷம் கார்த்திகையில் ஆண் குழந்தை பிறந்தது. கணேசமூர்த்தி என்று பேர் வைத்தார்கள். பால் ஊறிற்று. அழுதான், குடித்தான், புரண்டான். ஒன்றரை வயதில்தான் நடந்தான், ஆனாலும் நடந்தான்.

பானைக்குள் போன அரிசி மட்டும் கூடவில்லை. அவள் கூடத் தின்றது எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்று காளியாயிக்கு அப்போது தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தாள். மீனம்மாவுக்கு அப்போது பதிமூன்று வயது. பள்ளிக்கூடத்தை விட்டு, சிறுவர் கூலியான சின்னாள் பேருக்குக் கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். கடைசியில் சாப்பிடுகிற இடம் அம்மாவிடமிருந்து அவளுக்கு மாறியிருந்தது. அவள் ஒருநாளும் கேட்டதில்லை. தட்டில் விழுந்ததைத் தின்றுவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டுத் தம்பியைத் தூக்கிக்கொள்வாள். வளர வேண்டிய மூன்று வருஷமும் அவள் வளரவில்லை. கூடையை முதுகில் போட்டால் பின்னாலிருந்து கூடைதான் தெரியும். அவளோடு ஒத்த பெண்கள் சமைந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் அவள் சமைந்தாள்.

முப்பத்தொன்பதில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து செல்லசாமி என்பவனுக்கு அவளைக் கேட்டு வந்தார்கள். பதினேழு வயது என்றபோது மாப்பிள்ளையின் தாய் நம்பவில்லை. தோட்டத்துப் பேர்ப்பதிவுப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்த பிறகுதான் தட்டு மாற்றினார்கள்.

கல்யாணம் முடிந்து புறப்படுகிற அன்று காலை, மீனம்மா தன் இரண்டு சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். காளியாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுடைய பெருவிரலும் சுட்டுவிரலும் அதைச் சுற்றி வந்து ஒன்றையொன்று தாண்டிப் போயின.

"மீனா, தம்பி வயித்துல இருந்தப்ப... நான் தின்னது ஓன் பங்கு."

மீனம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அம்மாவைப் பார்க்கவும் இல்லை.

"தெரியும்மா."

"தெரியுமா?"

"அப்பவே தெரியும். எனக்கும் பசிச்சுச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொல்லிவிட்டு, சேலையின் மடிப்பை உள்ளங்கையால் நீவி, பெட்டியை மூடினாள். வெளியே மாப்பிள்ளை வீட்டார் நேரமாகிறது என்று கூப்பிட்டார்கள். கணேசமூர்த்தி அக்காவின் பின்னாலேயே ரோட்டுவரை ஓடினான். காளியாயி மட்டும் வாசலைத் தாண்டவில்லை.